மூன்று புறமும் ஏரி

பேருந்து இனித் திரும்ப முடியாத இடத்தில்
எல்லோரும் இறங்கினார்கள்.
எல்பசான் ஓய்வூதியர் சங்கம், பதினொரு பேர்.
மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தேன்,
மழைக்கல்ல, யாரும் தொலையாதிருக்க.

லின் தீபகற்பம், இருபுறமும் ஏரி என்றேன்.
மூன்று புறமும் என்று திருத்தினார்
கடைசியில் நின்ற தொப்பிக்காரர்.
ஆறு வருடமாக இருபுறம் என்றே சொல்லிவருகிறேன்,
ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

குன்றேற நாற்பது நிமிடம்,
பழைய தேவாலயத் தரைக்குப் பதினைந்து,
மீனுக்கு ஒரு மணி நேரம்.
படகு பிந்தினால் ஒன்றரை.

சாவி ஸமிராவிடம்.
ஸமிரா வெங்காயப் பாத்தியில்.
கையைப் பாவாடையில் துடைத்தபடி ஏறி வந்தாள்,
கம்பிக்கதவைத் திறந்தாள்,
பனிக்காலம் கடிக்காதிருக்கப் போர்த்திவைத்த மணலை
விளக்குமாற்றால் ஒதுக்கினாள்,
ஒரு பாய் அகலம்தான்.
அதற்கு மேல் அனுமதியில்லை.
வாளித் தண்ணீரைத் தெளித்ததும்
சாம்பல் கல்லுக்குள்ளிருந்து
சிவந்த அலகோடு ஒரு வாத்து எழுந்தது,
கூடவே பாதித் திராட்சைக் குலை.
மீதிப் பாதி?
மணலுக்கடியில்.
அதைப் பார்க்க இன்னும் எத்தனை லெக்
என்று கேட்டார் லிரியே அம்மையார்.
சிரித்தோம். படமெடுத்தோம்.
எடுத்து முடிப்பதற்குள் தரை காய்ந்து
வாத்து மறுபடி கல்லாகிவிட்டது.

தொப்பிக்காரர் மட்டும் குனியவில்லை.
பட்டியலைப் பார்த்தேன்:
ஹெகுரான். அறுபத்தொன்பது. மூட்டுவலி. மீன் சம்மதம்.

இறங்கும்போது நான் வழி தவறினேன்.
மல்பெரி மரத்துக்குப் பிறகு வலப்பக்கம் என்றார்.
மரம் எதுவும் இல்லை.
வலப்பக்கம் திரும்பும் முன்
ஓர் அடிக்கட்டை காலில் இடறியது.

பதுங்குகுழி அருகே என் வழக்கமான கதை.
அந்தக் காலத்தில் இந்த ஊருக்கு வரவே சீட்டு வேண்டும்,
எதிரே நீலமாகத் தெரிவது வேறு நாடு,
நீந்திப் போனவர்கள் உண்டு,
எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது.
இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன்.
பயிற்சி வகுப்பில் கற்ற மௌனம்,
எல்லாக் குழுவிடமும் நன்றாக வேலை செய்யும்.

அந்த இடைவெளிக்குள் அவர் பேசிவிட்டார்.
பதினான்கு மாதம் இங்கே இருந்தேன்.
இந்த ஓட்டையில்தான் என் துப்பாக்கி.
ஒரு செப்டம்பர் இரவு நாணல் அசைந்தது,
இலைகூட ஆடாத இரவு.
வாத்து என்று பதிவேட்டில் எழுதினேன்.

அவர் தோளில் ஒட்டியிருந்த காரையை
லிரியே அம்மையார் தட்டிவிட்டார்.
யாரோ தண்ணீர்ப் புட்டியை மூடும் சத்தம்.
வாத்துதானா என்று கேட்டது நான்,
வழிகாட்டி கேட்கக் கூடாததை.

தெரியாது, மகளே.
வாத்தாகவே இருந்திருக்கலாம்.
அதுதான் தொல்லை.

படகு பிந்தியது.
சொதிர் கொண்டுவந்த மீனில் முள் அதிகம்,
ஹெகுரான் தட்டில் எலும்பு மட்டும் மிஞ்சியது,
சீப்பு மாதிரி சுத்தமாக.
ரொட்டி இன்னொரு துண்டு வாங்கிக்கொண்டார்.
எதிர்க்கரைக்கு டிக்கெட் எவ்வளவு என்று
சொதிரிடம் விசாரித்தார்.
கோடையில் மட்டும்தான் படகு,
கடவுச்சீட்டு எடுத்து வாருங்கள் என்றான் அவன்.

பேருந்தில் எண்ணினேன், பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
ஓட்டுநர் பின்னோக்கியே ஊரைக் கடந்து
நெடுஞ்சாலை தொட்ட பிறகுதான்
குடை ஞாபகம் வந்தது.
பதுங்குகுழி ஓட்டையில்
செருகி வைத்தவள் நான்தான்.

ஸமிராவுக்குப் போன் செய்தேன்.
மணலை மூடிவிட்டேன், கதவையும் பூட்டிவிட்டேன் என்றாள்.
மஞ்சள்தானே, பாத்தியிலிருந்தே தெரிகிறது.
தூறல் ஆரம்பித்துவிட்டது,
நான் விரித்துக்கொள்கிறேன்,
அடுத்த குழுவோடு வரும்போது வாங்கிக்கொள்.