மூன்று பூட்டு

கோயில்குட்டி நான்.
மணிக்கயிறு உள்ளே கிடக்கிறது, நான் வெளியே.
வாசலில் மூன்று பூட்டு:
சத்தியநேசன் அணிக்கு ஒன்று,
ஞானசிகாமணி அணிக்கு ஒன்று,
அதற்கு மேலே அரக்கு வைத்து
ராதாபுரம் தாசில்தார் போட்டது.

வருஷத்தின் கடைசி ராத்திரி.
உடன்படிக்கை ஆராதனை தேரி மணலில்.
தண்டவாளத் துண்டை அடித்தேன்,
பனைகளுக்கு ஊடே
பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தது ஜனம்.

கரண்டு இல்லை.
தலைவர்மார் கார் விளக்கைப் போட்டார்கள்,
கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர்.
எங்களுக்கு ஆளுக்கு இரண்டு நிழல்.

வனாந்தரத்து இஸ்ரவேலருக்கு அக்கினித் தூண்,
எங்களுக்கு டீசல் புகை.
வயலை எடுப்பான், பிள்ளையை எடுப்பான் என்று
சொல்லச் சொல்ல
ராஜாதான் வேண்டும் என்றார்கள் அவர்கள்.
நாங்கள் சீட்டுப் போட்டே
இரண்டு பேரை வாங்கிக்கொண்டோம்.

ஐயர் கேட்கக் கேட்கச் சொன்னோம்.
ஓய்வுநாளை ஆசரிப்பீர்களா? செய்வோம்.
தசமபாகம்? கொஞ்சம் தணிந்து, செய்வோம்.
சகோதரன்மேல் போட்ட வழக்கை
வாபஸ் வாங்குவீர்களா?

அது அச்சில் இல்லாத கேள்வி.

காவோலை உரசும் சத்தம்.
என் வாயும் திறக்கவில்லை;
ஏழு மாதச் சம்பளப் பாக்கியை
எந்த அணி தரும், யார் கண்டது?

மேற்குக் காருக்குள்ளிருந்து
டிரைவர் சுடலைக்கண்ணு,
ஒருநாளும் கோயில் படி ஏறாதவன்,
கூட்டம் மறந்துபோச்சு என்று நினைத்து
எடுத்துக் கொடுத்தான்:
'செய்வோம் சாமி.'

கிழக்கே விளக்கு அணைந்தது.
பேட்டரி என்றார்கள்.
மணலை உதறிப் பாயைச் சுருட்டி
ஒற்றை நிழலோடு
வீட்டுக்கு நடந்தோம்.