சொரசொரப்பு எண் மூன்று

ஐப்பசியில் வழுக்கினேன்.
கேட்டுக்கும் படிக்கும் நடுவே
பதினோரடி சிமெண்டுத் தளம்.
இருபது வருஷ மிதியில் மழமழத்து,
மழை விட்ட மறுநாள்
இருப்பதே தெரியாத ஒரு பச்சையில் கிடந்தது.
பால் பாக்கெட் உடையவில்லை.
வலது மணிக்கட்டு உடைந்தது.
ஒரு தகடு, ஏழு திருகு.

பங்குனியில் வனராஜ் வந்தார்,
சமயநல்லூரிலிருந்து,
குட்டியானையில் கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு.
வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.
குடிக்க என்று நினைத்தேன்.
தளத்தில் ஊற்றினார்.
உள்ளே இறங்காமல் ஓடியது அது,
மாடி வீட்டுப் பையனின் பைக்
எண்ணெய் சிந்திய இடத்தில்
முத்து முத்தாய் நின்று முழித்தது.
‘தரைக்குத் தாகம் எடுக்கணும்க்கா,
அப்பத்தான் மேல பூசுறது பிடிக்கும்.’

எண்ணெய்க்குச் சோப்புத் தூளும் கம்பி பிரஷும்
மூன்று தரம்.
பிறகு அமிலம். சீறி நுரைத்து அடங்கியது.
விரிசலை மூடுவதற்கு முன்
இன்னும் அகலமாக வெட்டினார்,
ஆனையூர் முழுக்கக் கேட்கிற மாதிரி.
என் டாக்டரும் அதைத்தான் செய்தார்
என்று சொல்ல நினைத்தேன்.
தூசி வாயை மூடவைத்தது.

நாலு பலகை கொண்டுவந்து வரிசையாகப் போட்டு
‘செருப்பைக் கழட்டி, கண்ண மூடிக்கிட்டு
ஏறி நில்லுங்க’ என்றார்.
முதல் பலகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
அடுத்தது பூனை நாக்கு.
கடைசிப் பலகையில் குதிகால்
தேங்காய்த் துருவியில் ஏறியதுபோல் கத்திவிட்டது.
மூன்றாவதில் நின்றேன்.
தண்ணியில்லாத வைகையில்
வெறுங்காலோடு இறங்கினால்
கொஞ்சம் கடிக்கும், ஆனால் விடாதே, அது.
இருபத்தாறு வருஷம்
கூட்டுறவு வங்கியில் காசாளர்;
கள்ள நோட்டைத் தொட்டே பிரித்துப் போட்ட விரல்கள்
தகட்டுக்குப் பிறகு மரத்துக் கிடக்கின்றன.
அந்த வேலையை
அன்றைக்குக் கால் எடுத்துக்கொண்டது.
‘மூணாம் நம்பர்.’

எதிர்வீட்டு மங்கையர்திலகம்
கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
‘இதுல எப்படிக் கோலம் போடுவ?
மாவெல்லாம் பள்ளத்துல விழுந்துருமே.’
வனராஜ் என்னைப் பார்த்தார்.
‘கேட்டுக்கிட்ட மட்டும்
நாலுக்கு நாலு வழவழப்பா விட்டுரட்டுமா?’
நான் விழுந்தது அங்கேதான்.
‘வேண்டாம்.’

ஒன்பது மணிக்குமேல் மதுரை வெயில்
தெளிக்கும்போதே காயவைத்துவிடுமாம்.
ஆறுக்கே ஆரம்பித்தார்.
கல் கல்லாய் வெட்டின காகிதத்தைத் தரையில் ஒட்டி,
சுவரோரம் டேப் போட்டு,
புனலைத் தோளில் சாய்த்துப் பிடித்து
சிமெண்டுக் குழம்பைத் தூவிக்கொண்டே பின்னால் நடந்தார்,
தன் காலடி எதுவும் விழாதபடி.
கரணையால் மேடுகளை மட்டும் லேசாக அழுத்தினார்.
செம்மண்ணா, பழுப்பா;
டப்பாவில் இருந்த பெயர் என் வாயில் நுழையவில்லை.
காகிதத்தை உரித்தபோது
சர்ரென்று ஒரு சத்தம்,
அடியில் சாம்பல் கோடுகள்,
யாரோ நேற்றுத்தான் கல் பதித்துப் போனதுபோல்.

ஏழு நாள் வண்டி ஏற்றக்கூடாது.
மாடி வீட்டுப் பையன் பைக்கைத் தெருவில் நிறுத்தி
ஏழு நாளும் என்னோடு பேசவில்லை.

எட்டாம் நாள் விடியலில் தண்ணீர் தெளித்தேன்.
வழியவில்லை; நின்று, யோசித்து, நகர்ந்தது.
அதன்மேல் நடந்து பார்த்தேன்,
கேட்டு வரைக்கும்,
பிறகு தேவையில்லாமல் இன்னொரு முறை.

ஐந்து புள்ளி. இடது கை.
ஆறு மாதமாய் யாருக்கும் காட்டாத கை.
இழை நடுங்கியது,
குழிகளில் விழுந்து அறுந்தது,
சுற்றி வரவேண்டிய இடத்தில்
ஒரு விரற்கடை தள்ளிப்போய்ச் சேர்ந்தது.

எதிர்வாசலில் வாளியோடு அவள்:
‘நான் அப்பவே சொன்னேன்ல.
கோடு எப்படிப் போயிருக்கு பாரு.
தரை சரியில்ல.’

மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.
‘ஆமாக்கா’ என்றேன்,
‘தரைதான்.’