நுழைவு நேரம்

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது:
நூறு மீட்டர் தவளை நீச்சல், உங்கள் சிறந்த நேரம்.
எந்த வருடத்துச் சிறந்த நேரம் என்று அது கேட்கவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.
ஒரு நிமிடம் பதின்மூன்று, புள்ளி எட்டு
என்று எழுதினேன்.
பதினேழு வயதில் நீந்தியது.
பொய்யில்லை, பழைய பதிவேட்டில் இன்னும் இருக்கும்.

அதனால்தான் எகெர் நகரத்துக் குளத்தில்
வேகமானவர்களின் சுற்றில்
நட்ட நடுவே, நான்காம் தடத்தில்,
ஷரோல்தா வாமோஷ், வயது நாற்பத்தாறு,
மிஷ்கோல்ட்ஸில் ட்ராம் ஓட்டுகிறவள்.

மூத்தோர் போட்டி என்றுதான் பெயர்.
இருபத்தைந்து ஆனாலே மூத்தோராம்.
ஐந்தாம் தடத்துக் கிங்கா
பலகையில் என் நேரத்தைப் பார்க்கிறாள்,
என் இடுப்பைப் பார்க்கிறாள்,
மறுபடியும் பலகையைப் பார்க்கிறாள்.

ஏன் விட்டாய் என்று யார் கேட்டாலும்
தோள்பட்டை என்பேன்.
தோளில் ஒன்றுமில்லை.
ஒரு நவம்பர் காலை, மணி ஐந்து,
தண்ணீர் குளிரும் என்று தோன்றியது.
போர்வையை இழுத்துக்கொண்டேன்.
அவ்வளவுதான். இருபத்தேழு வருடம்.

குதிக்கும் மேடையின் பின்புறம்
இப்போது ஒரு சாய்வுக்கட்டை முளைத்திருக்கிறது.
பின்னங்காலை அதில் வைக்க வேண்டுமாம்.
பக்கத்தில் பார்த்து வைத்தேன்,
பரீட்சையில் பார்த்து எழுதுவதுபோல.
நீருக்கடியில் மீன்போல ஒருமுறை உதைக்கலாமாம்.
என் காலத்தில் அதற்கு வெளியே அனுப்பினார்கள்.

ஒலி.
முதல் பதினைந்து மீட்டர்
நான் முன்னால் இருந்தேன்.
இதை யாரிடமும் நிரூபிக்க முடியாது,
ஆனால் இருந்தேன்.
கை விரிய, தலை எழ, கால் மடங்க,
உடம்பு என்னைக் கேட்காமல் தானே செய்தது.
முப்பதில்
கேட்கத் தொடங்கியது.

ஐம்பதின் சுவரை நான் தொடுமுன்
கிங்கா எதிரே வந்துகொண்டிருந்தாள்,
அவள் கிளப்பிய குமிழிகள் என் தடத்துக்குள் நுழைந்தன.
பிறகு குமிழிகளும் இல்லை.
தலை எழும்போதெல்லாம் ஒலிபெருக்கி
பெயர்களை வாசித்தது. பிறகு அதுவும் இருமிவிட்டு நின்றது.
தொடைகளில் யாரோ மணல் கொட்டினார்கள்.
ஏணி பக்கத்தில்தான் இருந்தது.
முழுக்க நனைந்தவளுக்கு முக்காடு எதற்கு?
போனேன்.

கடைசிப் பத்து மீட்டரில்
நீருக்கடியில் கால்கள் தெரிந்தன.
ஏழு ஜோடி.
ஒருவரும் ஏறிப் போகவில்லை.
விதிதான் அது: கடைசி ஆள் தொடும்வரை
யாரும் வெளியேறக் கூடாது.
விதி என்று எனக்கும் தெரியும்.
என்றாலும் அந்தக் கால்கள்
நிறுத்தத்தில் குளிரில் நிற்பவர்கள்போல
மெல்ல மாற்றி மாற்றி அசைந்துகொண்டிருந்தன,
எட்டு நிமிடம் தாமதமான ட்ராமை
தண்டவாளத்தின் வளைவில் முதலில் பார்க்கும்போது
திட்டுவதை நிறுத்திவிட்டுப் பையை எடுப்பார்களே,
அப்படி.

இரு கையாலும் தொட்டேன். அதை மறக்கவில்லை.
மூச்சு வந்ததும் வாயில் வந்தது
தினமும் மைக்கில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம்:
தாமதத்துக்கு வருந்துகிறோம்.
கிங்காவின் சிரிப்பில் பாதி இருமல்.
கயிற்றுக்கு மேலாகக் கை நீட்டினாள்,
விரல்கள் என்னுடையவை போலவே சுருங்கியிருந்தன.

ஒரு நிமிடம் முப்பத்தொன்பது, புள்ளி நான்கு இரண்டு.
நடுவர் படிவத்தை நீட்டி
எண்ணைச் சரிபார்க்கச் சொன்னார்.
சரி என்றேன்.
கையெழுத்தின்மேல் முடியிலிருந்து சொட்டி
மை கொஞ்சம் பரவிவிட்டது.

திங்கள், முதல் வண்டி, நாலரை மணி.
ஓட்டுநர் அறையின் கொக்கியில்
ஈர நீச்சலுடை காய்கிறது,
திருப்பங்களில் ஆடுகிறது.
முதல் படியில் ஏறிய பேக்கரிக்காரர்
மூக்கைச் சுளித்து,
யாராவது தரை கழுவினார்களா, குளோரின் நாற்றம், என்கிறார்.
நான் கதவை மூடுகிறேன்.
ஒன்பது மணிக்கு வண்டி கைமாறும்,
குளம் பத்துக்குத் திறக்கும்.