பிடிபடாதது

டிரோம்சோவில்
நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதிக்குமேல்தான் திரும்பும்.
ஜன்னலில் பார்க்க ஒரு குருவி இல்லை, ஈ இல்லை.
இங்குன் வீட்டுப் பூனை
வாரத்துக்கு வாரம் கனத்தது.

"ஏழு கிலோ" என்றார் மருத்துவர்,
மீன்கடைக்காரர் மாதிரி.

முதலில் பேட்டரி எலி வாங்கினாள்.
சோபாவுக்கடியில் முட்டி முட்டி
அது அங்கேயே உயிரை விட்டது.
பிறகு தீனிப்பந்து. உருட்டினால் ஒவ்வொன்றாய் உதிரும்.
இங்குன் உருட்டினாள்.
பூனை சாப்பிட்டது.

லேசர்தான் எடுபட்டது.
சிவப்புப் புள்ளிக்குச் சுவரேறிப் பாய்ந்து
மூச்சிரைக்க
பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும்.
அடியில் ஒன்றும் இருக்காது.
பத்தாம் நாள் அந்தப் பார்வை
புள்ளியை விட்டு
அவள் கைக்கு வந்தது.
லேசரைக் கரண்டிகளோடு போட்டு மூடினாள்.

கடைசியில் பழைய கோட்டின் நாடா,
நுனியில் காய்ந்த மீன்தோல்.
இரவுதோறும் மூன்றாவது பாய்ச்சலில்
தோற்றுக்கொடுத்தாள்.

ஜனவரி இருபத்தொன்று.
மலைக்கு மேல் நான்கே நிமிடம்.
அடுப்படிச் சுவரில்
கட்டைவிரல் அளவு வெளிச்சம்.

பூனை ஒரு கண்ணைத் திறந்தது,
மூடிக்கொண்டது.

இங்குன்தான் எழுந்தாள்,
ஓசைப்படாமல்,
உள்ளங்கையை விரித்தபடி.