ஆகக்குறைந்தது பன்னிரண்டு

வழிகாட்டலின் பதினெட்டாம் பக்கம் சொல்கிறது:
வெட்டியெடுத்த பெருங்குடலோடு வரும் கொழுப்பில்
ஆகக்குறைந்தது பன்னிரண்டு நிணநீர்க் கணுக்கள்
தேடிப் பார்க்கப்பட வேண்டும்.
ஏன் பன்னிரண்டு என்று அந்தப் பக்கத்தில் இல்லை.

என்னிடம் இருப்பவை பதினொன்று.

மூன்றேகால் மணி. கின்சி வீதியில் மழை.
வாளியில் ஒட்டிய தாளில்
பெயர் சிங்களத்தில் ஒரு விதம்,
ஆங்கிலத்தில் இன்னொரு விதம்.
தமிழில் எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.
மனதுக்குள் நான் எழுதிக்கொண்டேன்:
சவரிமுத்து பெனடிக்ற், ஐம்பத்தாறு, முகத்துவாரம்.
தொழில், துறைமுகம்.
மூன்று மாதமாகப் படியேற இளைப்பு.
இரும்புச்சத்துக் குளிசை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்,
இரண்டு தரம்.

அவரை நான் பார்த்ததில்லை.
அவரில் இருபத்திரண்டு சென்ரிமீற்றர் பார்த்திருக்கிறேன்.
கட்டி, ஓரம் உயர்ந்து மடிந்த சிறு கிண்ணம்.
சுவரைத் தாண்டிக் கொழுப்பைத் தொட்டிருக்கிறது.
வெட்டிய முனைகள் இரண்டும் சுத்தம்;
சத்திரசிகிச்சை செய்த கை நல்ல கை.
இவ்வளவும் எழுதியாயிற்று.

கொழுப்பு இரண்டு நாள் போமலினில் ஊறி
பழைய மாஜரின் நிறத்தில் இறுகிக் கிடக்கிறது.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து
மெல்ல நசித்துக்கொண்டே போகவேண்டும்.
கண்ணுக்கு முதல் விரலுக்குத்தான் தெரியும்.
சிலது உளுந்தளவு, சிலது கடுகளவு,
சிலது கணுவே அல்ல,
இரத்தக்குழாயின் வெறும் முடிச்சு.

“மிஸ், பதினொன்று போதாதா?”
ஜயசிறி சிங்களத்தில் கேட்கிறான்.
நாலு இருபதுக்கு அவனுக்குப் பாணந்துறை ரயில்.

போதும் என்று விடலாம்தான்.
கிடைத்தது இவ்வளவே என்று எழுத
படிவத்தில் இடமும் இருக்கிறது.
ஆனால் பதினொன்றில் இல்லை என்பது
இல்லை என்றாகாது.
யாரோ ஒரு மேசையைச் சுற்றி இருந்து
அவருடைய மிச்ச வருடங்களை ஊகிப்பார்கள்.

மறுபடி முதலிலிருந்து.
கட்டிய நூலின் ஓரம், நாளத்தின் அடி,
ஏற்கெனவே மூன்று தரம் போன இடம்.
கையுறைக்குள் விரல் நுனி மரத்துப்போய்,
ஒரு அரிசிக்கல்போல
நழுவியது.
விட்டுவிட்டுப் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை கண்ணாடித் தட்டுகள் வந்தன.
நுணுக்குக்காட்டிக்குக் கீழே
பதினொன்றும் நாவற்பழம் சிந்திய துணி,
நீலப்புள்ளி, நீலப்புள்ளி, வேறொன்றுமில்லை.
பன்னிரண்டாவதின் விளிம்பில்
இளஞ்சிவப்பாய் நாலைந்து வளையங்கள்,
ஒன்றோடொன்று முதுகு ஒட்டி,
வாடகைக்கு வந்தவர்கள்போல் அல்ல,
வீடு வாங்கியவர்கள்போல.

வியாழன் கூட்டத்தில் இருபது செக்கன்தான்.
“பன்னிரண்டில் ஒன்று.”
“அப்ப மூன்றாம் நிலை.”
எட்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கவேண்டும்,
மூன்று மாதமோ ஆறு மாதமோ, அதற்கும் ஒரு பக்கம் உண்டு.
இனி அவர் முகத்துவாரத்திலிருந்து கோட்டைக்கு வந்து
நூற்று முப்பத்தெட்டில் ஏறி மஹரகமவுக்குப் போவார்,
யன்னலோரம் கிடைத்தால் நல்லது,
வாந்தி வரும்.
அடுத்த பெயர் வாசித்தார்கள்.

நான் தேடாமல் விட்டிருந்தால்
அது அங்கே இருந்திருக்காது என்பதுபோல
ஒரு கணம் குற்றமாயிருந்தது.
அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.
அவர் எனக்கு நன்றி சொல்லப்போவதுமில்லை,
திட்டப்போவதுமில்லை;
இப்படி ஒருத்தி இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஜயசிறிக்கு மட்டும் அன்று ரயில் தவறியது.
இன்னும் சொல்லிக்காட்டுகிறான்.