பின்பக்கத்துச் செல்லோ

வெள்ளிக்குள் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்.
லேவார்டன் கடைக்காரர் இரண்டு ஜோடியையும்
நம்பிக் கொடுத்திருக்கிறார்.

பெட்டி ஸ்பீக்கர், வால்நட் மரம்.
டபுள் பாஸை இழுத்தால்
என் உள்ளங்காலில் தரைப்பலகை உறுமும்.
அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்தபடியும் கேட்கலாம்.

மற்றது தகடு. கதவு உயரம்.
உள்ளே ஒரு படலம், வெங்காயச் சருகைவிட மெலிது.
சுவரை விட்டு ஒரு மீட்டர் தள்ளி நிற்குமாம்.
எங்கள் அறையே மூன்றரை மீட்டர்.

வீபெ அளவுநாடா பிடித்து
நாற்காலியை நட்டான்.
"வில் திரும்புமுன் செல்லோக்காரி மூச்சு இழுக்கிறாள், கேள்."
எழுந்து இடம் விட்டான். கேட்டேன்.
மெய்தான். மூச்சு, அவள் இருக்கையின் கிறீச்சுகூட.
ஒரு சாண் நகர்ந்தேன்,
ஆளைக் காணோம்.

"ஒருத்தருக்கு மட்டும் வாசிக்கிற சாமானுக்கு
இரண்டு பேர் சம்பளமா?"

வியாழன் இரவு
சைக்கிள் ட்யூப் ஒட்ட இடமில்லாமல்
தகட்டுக்குப் பின்னே, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
அங்கேயும் செல்லோ.
முதுகாலும் வாசிக்கிறது இது,
கோபித்துத் திரும்பிக்கொண்டவள்
பேச்சை மட்டும் நிறுத்தாததுபோல.

பூனைக்குத் திங்களன்றே தெரியும்.
அங்கேதான் படுத்திருந்தது.

நாளைக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றுவோம்.
உள்ளங்கால்தான்
கொஞ்ச நாள் தேடும்.