ஆட்டுக்கால் உருளை

ஒப்பந்தப்புள்ளி திறந்த அன்று மூன்று உறைகள்.
இரண்டில் ஒரே கையெழுத்து, வேறு வேறு பெயர்.
மூன்றாவது சென்னியப்பனுடையது,
மதிப்பீட்டுக்குப் பதினேழு விழுக்காடு கீழே.
ஆணையர் என்னைப் பார்த்தார்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஊர்க் கழிவுநீர்க் குட்டைகள் மூன்று.
கரை அறுநூற்று நாற்பது மீட்டர்.
நெடுக நண்டு வளை, பெருச்சாளி வளை,
வேலமரத்து வேர் செத்து விட்டுப்போன பொந்து.
வெட்டி, மண் கொட்டி, தண்ணீர் தெளித்து,
நான்காம் இனத்தில் சொன்னபடி
ஆட்டுக்கால் உருளையால் அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்த வேண்டும்.
இரும்பு உருளை அது. உடம்பெல்லாம் குளம்பு போல முளை.
மேலே அமுக்காது, உள்ளே இறங்கி மிதிக்கும்.

புதன்கிழமை வெடியாலயே போய்விட்டேன்.
மூக்கு முதலில் மறுக்கும்,
கால்மணி நேரத்தில் ஒத்துக்கொள்ளும்.
தண்ணீர் தார் மாதிரிப் பளபளத்தது.
அதைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாத நீர்க்கோழி ஒன்று
குஞ்சுகளோடு குறுக்கே போனது.

உருளையைக் காணோம்.
புதுமண்மேல் செம்மறிகள்.
எண்ணி முடிக்குமுன் கலைந்து, மறுபடி எண்ணி,
நாற்பத்து மூன்று.
இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு, அங்கிருந்து திரும்பி.
முன்னால் பழனாத்தா,
மடியில் வேலங்காய், இரண்டு தப்படிக்கு ஒன்றாக எறிந்துகொண்டு.

சென்னியப்பன் ஓடி வந்தார்.
"உருளை ஈரோட்டுல நிக்குதுங்க அம்மணி.
நாள் வாடகை எட்டாயிரம், லாரிக்கூலி தனி.
பதினேழு கீழ போட்டவன் எங்கீங்க போறது?
நாப்பத்தி மூணு நாலு நூத்தி எழுவத்திரெண்டு குளும்பு.
கம்பெனி உருளைல இத்தன முளை இருக்குதுங்களா?"

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன்.
பழனாத்தா திரும்பாமலே சொன்னாள்:
"நொண்டிக் கெடாய்க்கு மூணு போடுங்க.
நூத்தி எழுவத்தொண்ணு."

ஐந்து இடத்தில் குழி தோண்டி, மண்ணை நிறுத்து,
மணல் ஊற்றி, கணக்குப் போட்டேன்.
தொண்ணூற்றைந்து வேண்டும்.
நான்கு குழியில் தொண்ணூற்றாறு, அதற்கு மேலும்.
ஐந்தாவதில் எண்பத்தொன்பது.
வெளியேற்றுக் குழாய்ப் பக்கம் அது.
நுரையைக் கண்டு மிரண்டு ஆடுகள் ஒதுங்கியிருந்தன.
அங்கே மட்டும் சென்னியப்பனே
திமிசுக்கட்டை பிடித்தார், பொழுது சாயும்வரை.
கையில் கொப்புளம். நான் பார்க்காதது போல நின்றேன்,
அவர் காட்டாதது போலக் காட்டினார்.

அளவுப் புத்தகத்தில்
'கெட்டிப்படுத்தப்பட்டது' என்று எழுதினேன்.
எதைக்கொண்டு என்ற இடத்தில்
பேனா நின்றது. மூடி வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் இரண்டு ராத்திரி விடாமல் பெய்தது.
டார்ச்சோடு கரைமேல் நடந்தேன்.
கரை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கறுப்புத் தண்ணீர்.
கீழே யாருடையதோ சோளக்காடு, அதில் ஒரு வீட்டு விளக்கு.
குழாய்ப் பக்கம் மட்டும் நூல் மாதிரி ஒரு கசிவு.
மணல் மூட்டை இரண்டு போதுமாக இருந்தது.

தை மாதம் தணிக்கைக் கடிதம்:
உருளையின் பதிவெண் குறிப்பிடப்படவில்லை.
தொகையை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது?
பதினைந்து நாளில் பதில்.
இன்று பதிமூன்றாம் நாள்.
உருளைக்கான விலையைக் கொடுத்தால் அவருக்கு லாபம்,
குறைத்தால் கொப்புளத்துக்கும் கூலியில்லை.
நொண்டிக் கிடாய்க்குக் காதில் வெட்டுக்குறி உண்டு,
அதை எண்ணாக எழுத முடியாது.

கரைக்குப் போனேன்.
புழுக்கை விழுந்த இடமெல்லாம்
விரல் உயரத்துக்கு வேலங்கன்று.
ஆட்டு வயிற்றுக்குள் ஊறி வந்த விதை, நன்றாகப் பிடித்திருக்கிறது.
வேர் இறங்கும், ஒருநாள் சாகும், பொந்து விடும்.
அடுத்த மதிப்பீட்டின் முதல் இனத்தை
நின்ற இடத்திலேயே மனசுக்குள் எழுதினேன்.
பிறகு குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன்.
முள் அதற்குள் வந்துவிட்டிருந்தது.